அந்த மூன்று பேரும் நான்தான்

1

போன செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. எங்களுக்கு வீடு வாங்கித் தந்த சொலிசிட்டர் அனுப்பியது. தாங்கள் வீடு வாங்கும் காரியம் நல்லபடியாக முடிவடைந்தது என்பதைத் தெரிவிப்பதில் மகிழ்கிறோம் என்று டைப் அடித்திருந்தது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த பிறகு பிறந்த மகன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வேலைக்குப் போனதும் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் பேர் ஆரோக்கிய மேரி. செஞ்சி வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வேலூரில் நர்ஸ் படித்து, சவரிமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஐம்பத்தொன்பதில் இரண்டு பேரும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினோம். அவர் இந்த ஊரில் பஸ் கண்டக்டர். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். மூத்தவள் ஸ்டெல்லா இங்கேயே பிறந்தவள், எட்டு வயது.

வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாக் காரியமும் கடிகாரம் போல நடக்கும் என்று ஊரில் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். செஞ்சி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் வேப்பமர நிழலில் நாள் கணக்காகக் காத்துக் கிடக்கிறவர்கள், "அங்கெல்லாம் இப்படி இருக்காது" என்று சொல்லிக்கொள்கிறார்களாம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கேயும் இப்படித்தான். நாற்காலிக்கு மட்டும் மெத்தை தைத்திருக்கும்.

2

போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. நாங்கள் இருந்தது மாடியில் இரண்டு அறை. ஒரு குழந்தையோடு சேர்த்ததே பெரிய காரியம், இரண்டாவது என்றால் இடமில்லை என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள். அக்டோபர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நவம்பரில் பிரசவம். வாடகைக்கு வேறு இடம் தேடிப் போன இடங்களில் எங்கள் முகத்தைப் பார்த்ததும், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றார்கள். ஒரே தெருவில் மூன்று வீட்டில் அதே பதில். அதற்குப் பிறகுதான் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். முனிசிபாலிட்டி வீட்டுக் கடன் கொடுக்கிறது என்று இவருடைய டிப்போவில் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் என்றார்கள்.

மிஸ்டர் ஹாட்ஜ் என்ற கிழவர் ஒருவர், மனைவி இறந்த பிறகு கடற்கரை ஊரில் இருக்கும் மகளிடம் போவதற்காக வீட்டை விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய வரிசை வீடு. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. பின்னால் ஒரு துண்டு மண். சுற்றிப் பார்த்த அன்றைக்கே கிழவர் கை கொடுத்தார். வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தோம்.

கை கொடுத்ததற்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. விற்கிறவருக்கு ஒரு சொலிசிட்டர், வாங்குகிறவருக்கு ஒரு சொலிசிட்டர். சொத்து வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் ஒரு நாள் ஒப்பந்தத் தாளை மாற்றிக்கொள்வார்கள். அது வரைக்கும் யார் வேண்டுமானாலும் பின்வாங்கிக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

எங்கள் சொலிசிட்டர் பேர் பெம்பர்ட்டன். தொப்பிக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். முதல் நாள் எங்களை உட்கார வைத்து மரியாதையாகப் பேசினார். லோக்கல் சர்ச் பதில் வர வேண்டும், அது வந்தால்தான் மேற்கொண்டு நடக்கும் என்றார். அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியாரிடம் போய், சாமி, எங்களுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய பதிலைச் சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்டேன். பாவம், அவர் பூசை புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டு, என்ன பதில் மகளே என்றார். பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா முகம் சிவந்து போனாள். அம்மா, அது கோயில் சர்ச் இல்லை, தேடுகிற சர்ச் என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த வீட்டை இடித்து ரோடு போடும் உத்தேசம் இருக்கிறதா என்றெல்லாம் முனிசிபாலிட்டியில் தேடிப் பார்த்து எழுதித் தருவதற்குப் பேர் அது. நம் ஊர் வில்லங்கம் பார்ப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

3

மே மாதம் போனது, ஜூன் போனது. போன் செய்தால், உரிய காலத்தில் தெரிவிக்கிறோம் என்பார்கள். உரிய காலம் என்றால் எந்தத் தேதி என்று கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்த பெண், உரிய காலத்தில்தான் என்றாள்.

எனக்குப் புதன்கிழமை லீவு. புதன்தோறும் காலை பத்து மணிக்கு அந்த ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, காத்திருக்கிறேன் என்றேன். குமாஸ்தாப் பெண் முதல் வாரம் முறைத்தாள். இரண்டாவது வாரம் ஜன்னல் ஓரத்து நாற்காலியைக் காட்டினாள். மூன்றாவது வாரம் என் வயிற்றைப் பார்த்துவிட்டு டீ கொண்டுவந்து வைத்தாள். பெம்பர்ட்டன் மட்டும் என்னைக் கண்டதும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவார்.

கோடை விடுமுறையில் ஸ்டெல்லாவையும் அழைத்துப் போக வேண்டி வந்தது. பன்னிரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்து அவளுக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. இங்கே யாரும் இப்படி வந்து உட்கார மாட்டார்கள், எழுந்து வா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவளோடு படிக்கிற பெண்ணின் அம்மா தெருவில் போய்க்கொண்டிருந்தாளாம். பெற்ற பெண் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் நேராகத் தெரிந்தது. வலித்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. நீ வளர்ந்த பிறகு உன் வீட்டுக்கு நீ எப்படி வேண்டுமானாலும் காத்திரு, இந்த வீட்டுக்கு நான் இப்படித்தான் காத்திருப்பேன் என்றேன்.

ஆகஸ்டில் பொறுமை தீர்ந்துபோனது. நேராக டவுன் ஹாலுக்குப் போய் அந்தத் தேடுதல் பதிலைப் பற்றி விசாரித்தேன். பேரேட்டைப் புரட்டிப் பார்த்த ஆள், அது ஐந்து வாரத்துக்கு முன்பே அனுப்பியாயிற்றே அம்மா என்றான். அங்கிருந்து அப்படியே மிஸ்டர் ஹாட்ஜ் வீட்டுக்கு நடந்தேன். வாங்குகிறவள் விற்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே வழக்கமில்லை. தட்டினேன்.

கிழவர் என்னைச் சமையலறையில் உட்கார வைத்து, அவருடைய சொலிசிட்டரின் கடிதங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். வாங்குகிற தரப்பிலிருந்து பதிலே இல்லை என்று மூன்று கடிதம். என் பையில் இருந்த பெம்பர்ட்டனின் கடிதங்களில் விற்கிற தரப்புத்தான் தாமதம் என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அப்புறம் அவர் இன்னொரு விஷயம் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரன் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்து, கறுப்பர்களுக்கு விற்காதே, நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறான். போன வாரம் மறுபடியும் வந்தானாம்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எட்டு வருஷமாக வேலி விஷயத்தில் என் உயிரை எடுத்தவன் அவன். அவனுக்கு ஒரு செங்கல் கூட விற்க மாட்டேன்" என்றார்.

பெரிய தர்ம நியாயம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வேலிதான் எங்களைக் காப்பாற்றியது.

மறுநாள் நான் விடுப்புச் சொல்லிவிட்டேன். கைத்தடியோடு அவரும் வயிற்றோடு நானும் சேர்ந்து தொப்பிக்கடை மாடி ஏறினோம். எதிர்த் தரப்பும் எங்கள் தரப்பும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்ததும் பெம்பர்ட்டனுக்கு ஓட இடமில்லை. ஐந்து வாரமாகக் காணாமல்போன பதிலைக் குமாஸ்தாப் பெண் அவர் மேஜைத் தட்டிலிருந்தே எடுத்தாள். வேறு யாருடைய கோப்புக்கோ அடியில் கிடந்தது. அவர் காது மட்டும் சிவந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை.

4

அதற்குப் பதிலாக வந்தது வேறொரு தடை. என் பேர்.

பாஸ்போர்ட்டில் நான் அந்தோணிசாமி ஆரோக்கியமேரி, அப்பா பேர் முன்னால். ஆஸ்பத்திரிப் பதிவில் மேரி அந்தோணி. ஊர்க் கோயிலில் எழுதிக் கொடுத்த கல்யாணச் சான்றில் ஆ. மேரி சவரிமுத்து. பெம்பர்ட்டன் மூன்றையும் வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு, இந்த மூன்று பேரும் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நீங்கள் சொன்னால் போதாது, பிறந்ததிலிருந்து உங்களைத் தெரிந்த ஒருவர் கோர்ட் அதிகாரி முன்னால் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு யோசனை சொன்னார். பத்திரத்தில் உங்கள் பேர் எதற்கு? கணவர் பேர் சுத்தமாக இருக்கிறது. அவர் பேரில் மட்டும் எழுதினால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். சாதுவான மனுஷன், சண்டை பிடிக்கிறவர் இல்லை.

"மேரி, என் பேர்ல இருந்தா இன்னா, உன் பேர்ல இருந்தா இன்னா. வீடு நம்மளுதுதான? ஊர்லருந்து பேப்பர் வர்றதுக்குள்ள உனக்குப் பிரசவமே ஆயிடும். ரோட்லயா நிக்கிறது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆகஸ்ட் முடியப் போகிறது. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது பிலோமினா அண்ணி.

என் ஒரே அண்ணன் தாமஸின் மனைவி. பனமலைப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். நைனா, அதாவது எங்கள் அப்பாவுடைய நிலத்தின் ஓரத்தில் அண்ணனும் அவளும் மண் குழைத்து, கல் சுமந்து ஒரு ஓட்டு வீடு கட்டினார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் வண்டி குடைசாய்ந்து அண்ணன் போய்விட்டான். நிலம் நைனா பேரில் இருந்ததால் வீடும் அவருடையது என்றானது. நைனா அதை ஒரு மல்லாட்டை வியாபாரிக்குக் கடலை மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டார். அண்ணியும் இரண்டு பெண்களும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறைக்குள் வந்தார்கள். நைனாவிடம் ஒரு வார்த்தை பேசும்படி அண்ணி எனக்கு எழுதினாள். நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? நைனா சொல்வதைக் கேளுங்கள் அண்ணி, நல்லதுக்குத்தான் சொல்வார் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை.

"ரோட்ல நின்னாலும் நிப்பேன். என் சம்பளத்தையும் காட்டித்தான் லோன் வாங்குறீங்க. என் பேர் இல்லாத பத்திரத்துக்கு நான் வரமாட்டேன்" என்றேன்.

இவர் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே நீல ஏரோகிராம் ஒன்றை வாங்கிவந்து மேஜையில் வைத்தார்.

5

நைனாவுக்குத்தான் எழுதினேன். அவர் பயந்த சுபாவம். கோர்ட்டுக் கச்சேரி, ஆபீஸ் என்றால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுகிறவர். நம்பிக்கை இல்லாமல்தான் தபாலில் போட்டேன். செப்டம்பர் முழுவதும் பதில் இல்லை. புதன்கிழமைகளில் தொப்பிக்கடை மாடிக்குப் போய் உட்காருவதை மட்டும் விடவில்லை. படி ஏற மூச்சு வாங்கியது. வீட்டுக்காரம்மா அக்டோபர் பிறந்ததும் எங்கள் அறையைப் பார்க்க ஆட்களைக் கூட்டிவர ஆரம்பித்தாள்.

அக்டோபர் இரண்டாம் வாரம் ரிஜிஸ்தர் தபால் வந்தது. உள்ளே செஞ்சி சப்-மாஜிஸ்திரேட் முத்திரை போட்ட பிரமாணப் பத்திரம். கூடவே பென்சிலால் எழுதிய ஒரு தாள். கையெழுத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. அண்ணி எழுதியது. அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். பேசுகிற மாதிரியேதான் எழுதுவாள். அப்படியே தருகிறேன்.

"மேரிக்கு அண்ணி எழுதுறது. உன் லெட்டரு வந்து நைனா நாலு நாளு மடியிலியே வெச்சினு திரிஞ்சாரு. நான் புடுங்கிப் படிச்சேன். மறுநாளு அவர கூட்டினு பஸ் ஏறிட்டேன். மொத நாளு வக்கீலு இல்ல, திண்டிவனம் கோர்ட்டுக்குப் போய்ட்டாருன்னாங்க. ரெண்டாவது வாட்டி திங்கக்கெழம வான்னாரு குமாஸ்தா. மூணாவது வாட்டி டைப்படிச்சது தப்பாயிட்டுது, ஆரோக்கிய மேரிக்கு பதிலா ஆரோக்கியசாமின்னு அடிச்சி உன்ன ஆம்பளயாக்கிட்டாங்க. நைனா பஸ் போயிடும் போயிடும்னு எழுந்துக்குறாரு. நான் கைய புடிச்சி குந்த வெச்சேன். சோறு கட்டினு போய்ட்டேன். ஆறு வாட்டி போனோம். வக்கீலப் பாக்க வந்த கட்சிக்காரங்க எல்லாம் போயி, வெயிலு கோட்ட மலைக்கு அந்தாண்ட எறங்குற வரைக்கும் குந்தினு இருப்போம்.

ஏம்மா இவ்ளோ அவசரம், உனக்கா வீடு வாங்குறாங்கன்னு வக்கீலு கேட்டாரு. எனக்கு வீடு இருந்திச்சிங்க, பேருதான் இல்ல, அதனால இப்ப வீடும் இல்லன்னேன். நைனா அங்கதான் இருந்தாரு. தல குனிஞ்சினாரு. அன்னைக்கி சாயந்தரமே பேப்பரு ஆயிட்டுது.

உம்மேல எனக்கு கோவம் இருக்குது. அது இன்னும் போவல. ஆனா உன் பேர எடுக்கச் சொன்னாங்கன்னு எழுதியிருந்த பாரு, அத படிச்சப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. எடுக்காத."

6

பிரமாணப் பத்திரத்தை வைத்ததும் பெம்பர்ட்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முத்திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். இதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அடுத்த வாரமே ஒப்பந்தத் தாளை மாற்றிக்கொண்டார்கள். அக்டோபர் முடியும்போது சாவி வரவில்லை. வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் பத்து நாள் இங்கேதான் இருப்போம், போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கூப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் மழையில், இவருடைய டிப்போ நண்பர் ஒருவரின் வேனில் சாமான்களை ஏற்றினோம். பத்திரத்தில் இரண்டு பேர் பேரும் இருந்தது. என் பேரை முழுதாக, ஓர் எழுத்து குறையாமல் எழுதியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்று வரைக்கும் எங்களோடு பேசுவதில்லை. நான் தினம் குட்மார்னிங் சொல்கிறேன். அவர் பதில் சொல்லாததற்காக நான் நிறுத்த மாட்டேன். ஸ்டெல்லா இன்னும் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்கிறாள். ஆனால் போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டபோது, அது என் பேர் இல்லை என்று எழுந்து நின்று சொன்னாளாம். டீச்சர் என்னிடம் புகார் செய்தார். மகள் சொன்னது சரிதானே என்று கேட்டுவிட்டு வந்தேன்.

குழந்தை பிறந்ததும் நைனா போட்டோ கேட்டு எழுதினார். நான் அனுப்பவில்லை. அண்ணி கட்டிய வீட்டை அண்ணி பேரில் எழுதிக் கொடுங்கள், அதற்குப் பிறகு பேரன் முகத்தைப் பாருங்கள் என்று பதில் போட்டேன். பெற்ற தகப்பனுக்கு இப்படி எழுதலாமா என்று இவர் கேட்டார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டியது என்றேன். நைனா மூன்று மாதம் பதில் போடவில்லை. அந்த மூன்று மாதமும் நான் அழாமல் இல்லை. ஆனால் போட்டோவை உறையில் போடவும் இல்லை.

பிறகு அண்ணியிடமிருந்துதான் கடிதம் வந்தது. நைனா ஒரு நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு, வா போவலாம் என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார். செஞ்சிக்குத்தான். பத்திரம் எழுதுகிறவர், மருமகளுக்கு எதற்கு எழுதுகிறீர்கள், பேத்திகள் பேரில் போட்டு நீங்களே கார்டியனாக இருந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நைனா குறுக்கே பேசினாராம். "அவ கட்ன வூடு. அவ பேர்லயே எழுது" என்றாராம். ரிஜிஸ்தர் ஆக மேலும் நாலு நடை. அண்ணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பத்திரம் கைக்கு வந்த பிறகும் வியாபாரி காலி செய்யவில்லை. நாளைக்கு, மறுநாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தான். மறுபடியும் வக்கீலிடம் போகச் சொல்லி நைனா சொன்னாராம். அண்ணி கடிதத்தை இப்படி முடித்திருக்கிறாள்.

"வக்கீலும் வாணாம் ஒண்ணும் வாணாம்னுட்டேன். ஞாயித்துக்கெழம பூசைக்கிப் போயிட்டு வந்து, பொண்ணுங்களும் நானும் மூட்டைங்கள ஒரு பக்கமா தள்ளிட்டு அடுப்பு மூட்டிட்டோம். இப்ப அங்கதான் சமைக்கிறது, அங்கதான் தூங்குறது. மூட்டய அவன் எப்ப எடுக்கிறானோ எடுக்கட்டும். நீ போட்டோவ அனுப்பு."